உயர்நீதிமன்றமும் நம் செக்ரோலும்
(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்நீதிமன்றம் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு நினைவுகள்தாம் வருகின்றன. ஒன்று தூக்குத் தண்டனை. மற்றொன்று பணக்காரர்களின் சொத்துச் சண்டை. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நாம் உண்டு, நம் நிரை உண்டு" என்று இருந்துவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் அந்த வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் சம அதிகாரமுள்ள இரண்டு உயர்நீதிமன்றங்கள் உள்ளன. ஒன்று மலாயாவுக்கு; மற்றொன்று சபா, சரவாக்கிற்கு. 1963-ல் மலேசியா அமைந்தபோது சிங்கப்பூருக்கும் சேர்த்து மூன்று இருந்தன. அவற்றுக்குக் கீழே மாஜிஸ்திரேட் கோர்ட்டும் செஷன்ஸ் கோர்ட்டும் இருக்கின்றன. மேலே மேல்முறையீட்டு நீதிமன்றமும், அதற்கும் மேலே கூட்டரசு நீதிமன்றமும் புத்ராஜெயாவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் இறுதி முறையீடு கப்பலேறி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1985-ஆம் ஆண்டு பிறந்ததோடு அந்த வழி முற்றாக அடைபட்டது. இன்று நம் வழக்கின் கடைசிச் சொல் நம் நாட்டிலேயே சொல்லப்படுகிறது.

சரி, உயர்நீதிமன்றத்தில் என்னென்ன வழக்குகள் நடக்கின்றன? ஓர் அறையில் கொலை வழக்கு. முன்பு இத்தகைய வழக்கில் ஜூரிகள் அமர்ந்திருந்தார்கள். 1995-லிருந்து ஜூரி முறை கிடையாது, நீதிபதியே தனித்து முடிவு சொல்கிறார். 2023 வரை கொலைக் குற்றம் நிரூபணமானால் தூக்கைத் தவிர வேறு தண்டனை விதிக்க அவருக்கு வழியில்லை. அந்த ஆண்டு சட்டம் மாறியது. இப்பொழுது தூக்கா, முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையா என்று குற்றத்தின் தன்மையை நிறுத்துப் பார்த்து அவர் தீர்மானிக்கலாம்.

அடுத்த அறையில் கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் செய்துகொள்ளும் திருமணத்தை அன்று முதல் பதிவு செய்தாக வேண்டும். கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. விவாகரத்து வேண்டுமானால் உயர்நீதிமன்றம்தான் தர முடியும். பஞ்சாயத்தில் வெற்றிலை கிள்ளிப் போட்டுப் பிரிந்தது சட்டத்தின் கண்ணில் பிரிவே அல்ல. பிள்ளை யாரிடம் வளர்வது, செலவுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

இன்னோர் அறையில் கடன் கட்ட முடியாமல் திவாலானவர். மற்றோர் அறையில் உயில் வழக்கு. வேறோர் அறையில், ரோட்டுக்கு நிலத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கம் கொடுத்த நஷ்டஈடு போதாது என்று முறையிடும் சிறுதோட்டக்காரர். மற்றுமோர் அறையில், அரசாங்க இலாகா எடுத்த முடிவே சட்டத்துக்கு விரோதம் என்று எதிர்த்து நிற்கும் சாதாரணக் குடிமகன்.

பட்டா இல்லாத ஏழைக்கு அங்கே என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். ஜொகூரில் லிங்கியூ அணை கட்டியபோது, தாங்கள் தலைமுறை தலைமுறையாகத் திரிந்து பிழைத்த காட்டை ஜக்கூன் பூர்வகுடி மக்கள் இழந்தார்கள். அவர்கள் கையில் பட்டா என்று ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஆனாலும் 1996-ல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் அவர்கள் உரிமையை ஏற்று 2 கோடியே 65 லட்சம் வெள்ளி நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. காட்டு மக்கள் மாநில அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடி வென்றார்கள். தனித்தனியாக அல்ல, ஒன்றாகச் சேர்ந்து போய் வென்றார்கள். இதை நாம் மறக்கக்கூடாது.

தோழர்களே, இப்பொழுது நம் விஷயத்துக்கு வருவோம். வேலையிலிருந்து அநியாயமாக நீக்கப்பட்டவர் நேராக உயர்நீதிமன்றத்துக்குப் போவதில்லை. முதலில் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். நியாயம் நம் பக்கம் இருந்தால் அந்த நீதிமன்றம் மீண்டும் வேலை கொடுக்கச் சொல்லலாம். அல்லது நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பில் குறை கண்டவர் 14 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். 2021-ல் வந்த திருத்தம் இந்த வழியை நேராகத் திறந்துவிட்டது. ஆனால் அந்த வழி முதலாளிக்கும் திறந்தே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சம்பளப் பாக்கி, தோட்டத்தை வீடமைப்புக்காகத் துண்டு போடும்போது கிடைக்க வேண்டிய ஆட்குறைப்புப் பணம் ஆகியவை தொழிலாளர் இலாகாவின் விசாரணைக்குப் போகும். 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் சேர வேண்டும். அந்த விசாரணையின் முடிவு சரியில்லை என்றாலும் அப்பீல் உயர்நீதிமன்றத்துக்குத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்பீலில் உயர்நீதிமன்ற நீதிபதி சாட்சிகளை மறுபடியும் கூப்பிட்டு முதலிலிருந்து விசாரிப்பதில்லை. கீழே எழுதிவைத்த வாக்குமூலத்தையும், கீழே கொடுத்த காகிதங்களையும்தான் அவர் படிக்கிறார். கீழே சொல்லாத நியாயம் மேலே அவர் காதில் விழுவது அரிது. மரத்தில் கத்தி ஆழப் பதிந்துவிட்டால் அந்தக் காயத்தைப் பிறகு யார் வந்து பார்த்தாலும் பட்டை பழையபடி ஆகாது. வழக்கும் அப்படித்தான். முதல் வெட்டிலேயே கவனம் வேண்டும்.

நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய அம்மாள் ஒருவரை, மரத்தைக் காயப்படுத்தினார் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "கொஞ்சம் பொறு அக்கா, துரைக்குக் கோபம் ஆறட்டும், மறுபடியும் கூப்பிடுவார்" என்றார் கங்காணி. அந்த அம்மாளும் நம்பிக் காத்திருந்தார். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினார். துரை கூப்பிடவில்லை. எழுபத்தோராவது நாள் கிளைக் காரியதரிசியைத் தேடி வந்தார். சட்டம் கொடுத்திருந்த தவணை 60 நாள். இலாகாவுக்கு நாமும் கூடப் போனோம். அதிகாரி அனுதாபத்தோடுதான் பேசினார். ஆனால் மனுவை ஏற்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அம்மாள் காயம் போட்டாரா இல்லையா என்பதை எந்த நீதிபதியும் கேட்கவே இல்லை. "அப்படியானால் நான் குற்றவாளிதானா தம்பி?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

காலையில் வெட்டிய பாலை நேரத்துக்கு எடுக்காவிட்டால் மங்கிலேயே உறைந்து கட்டியாகிவிடும். கட்டிப்பாலுக்காவது ஒரு விலை உண்டு. நாள் கடந்த மனுவுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே, வேலை நிறுத்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே தேதியைக் குறியுங்கள். கடிதம் கொடுக்காமல் வாயால் சொன்னாலும் அந்த நாளைக் குறியுங்கள். யார் சொன்னது, யார் பக்கத்தில் இருந்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் பழைய காகிதம் என்று அடுப்பில் போடாதீர்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். 60 நாள் கெடுவை ஐம்பத்தொன்பதாம் நாள் வரை இழுக்காமல், அந்த வாரமே கிளைக்கு வந்துவிடுங்கள். மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பதியும் செக்ரோல் வெறும் கணக்குப் புத்தகம் அல்ல. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார் என்று நீங்கள் இன்று எழுதும் எண்ணை, பல வருஷம் கழித்து ஒரு நீதிபதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கக்கூடும். எங்களுக்குச் சாதகமாக எழுதுங்கள் என்று நாம் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றே கேட்கிறோம். யார் சொன்னாலும் பின்தேதி போடாதீர்கள். அது போதும்.

நீதிமன்றம் எல்லா அநியாயத்தையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே தோற்றவர்களும் உண்டு. வருஷக்கணக்காகக் காத்திருந்து களைத்தவர்களும் உண்டு. ஆனால் கதவைத் தட்டாமலே தோற்பது நம் குற்றம். அந்த எழுபத்தோராவது நாள் இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது. பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள். இன்று கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் சொல்லுங்கள்.