பெரிய வண்டி யாருக்கு வேண்டும்?



ஃபேரர் பார்க்கில் 1933 வரை பந்தயக் குதிரைகள் பாய்ந்தன. இன்று அதே ரேஸ் கோர்ஸ் சாலையில் எஸ்யூவி கார்கள் ஊர்கின்றன. மேடு பள்ளம் ஏறத்தான் அந்த வண்டி என்கிறார்கள் எதிரணியினர். எந்த மேடு? சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று சுமார் 164 மீட்டர்தான்!

குடும்பம் பெரிது என்பது அடுத்த வாதம். நியாயமே. ஆனால் ஏழு பேருக்குத் தாழ்வான படியுள்ள எம்பிவி போதுமே. சேலை கட்டிய பாட்டி எஸ்யூவியில் ஏற இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

செலவைக் கேட்டால் தலை சுற்றும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. பத்தாண்டு உரிமைக்கு மட்டும் அந்தத் தொகை. வண்டி விலை தனி.

பணம் அவரவர் பாடு. உயிர் அப்படியல்ல. முன்முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரி மீது மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள காரைவிட மரண வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. எல்லா எஸ்யூவியும் அவ்வளவு உயரமில்லை, உண்மை. ஆயினும் ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நடைபாதை நிரம்பி ஊழியர்கள் சாலையோரம் இறங்கி நடப்பதைப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு உறைக்கும்.

தேக்கா சந்தைக்குக் காய்கறி வர லாரி வேண்டும். அதில் சண்டையே இல்லை. முஸ்தஃபாவில் வாங்கும் பத்துக் கிலோ அரிசிக்கு இரண்டு டன் வண்டி எதற்கு? 2003 முதல் ஃபேரர் பார்க்கில் எம்ஆர்டி நிற்கிறது. பை கனத்தால் டாக்சி இருக்கிறது.