பாதம் உள்நோக்கும் பிள்ளைகள்

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் அவர் வெளியிட்ட ‘இரணவைத்தியம்’ சத்திரசிகிச்சையைத் தமிழில் விளக்கிய நூலாகும். வைத்திய அறிவு மக்கள் மொழியில் வழங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. குடாநாட்டுப் பெற்றோரைக் கவலைக்குள்ளாக்கும் ஒரு குறையைப்பற்றி இன்றைய வைத்தியம் கூறுவதையும் அவ்வாறே தமிழில் அறிந்துகொள்வது நன்று.

நான்கு வயதுப் பிள்ளை நடக்கையில் இரு பாதங்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. முழங்காற் சில்லுகளும் அவ்வாறே. ஓடும்போது கால் தடக்கி விழுகிறது. சப்பாணி கட்டி இருக்க அதற்கு இயலுவதில்லை. முழங்கால்களை மடக்கி, பாதங்களை இருபுறமும் விரித்தே இருக்கிறது. தாய் அஞ்சுகிறாள். ஆனால் குறை பாதத்திலன்று, துடையெலும்பின் முறுக்கிலே உள்ளது.

பிறக்கும்போது அவ்வெலும்பின் கழுத்துப்பகுதி, முழங்கால் முனையோடு ஒப்பிடுகையில், ஏறக்குறைய 40 பாகை முன்னோக்கித் திரும்பியிருக்கும். வளர வளர அது தளர்ந்து, வளர்ந்தோரில் 15 பாகையளவில் நிற்கும். சில பிள்ளைகளில் இம்மாற்றம் தாமதமாகிறது. அவர்களுள்ளும் பெரும்பாலோர்க்கு எட்டு முதல் பத்து வயதுக்குள் நடை செம்மையாகிவிடும். விசேட சப்பாத்தோ பட்டியோ அதனை விரைவுபடுத்துவதில்லை. அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண். பிள்ளை படும் துன்பமும் வீண்.

அவ்வயதின் பின்னும் முறுக்கு மிகுந்து நின்று, நடையையும் ஓட்டத்தையும் தடுக்குமாயின், அப்போதே சத்திரசிகிச்சை ஆலோசிக்கப்படும். பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்தி, எலும்பைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாகத்தை அளந்த பாகையளவு வெளிப்புறம் திருப்பி, உலோகத் தகடும் ஆணியும் கொண்டோ எலும்பினுள்ளே செலுத்தும் கோல் கொண்டோ பொருத்துவர். எலும்பு பொருந்தச் சில மாதங்கள் செல்லலாம். கிருமித் தொற்று, இரத்தப்போக்கு, எலும்பு கூடத் தாமதித்தல் ஆகிய இடர்கள் உண்டாதலின், தோற்றத்திற்காக மட்டும் இதனைச் செய்தல் தகாது.

எனினும், எல்லாப் பிள்ளைகளுக்கும் காத்திருத்தல் பொருந்தாது. ஒரு கால் மட்டும் திரும்புதல், நொண்டுதல், நோவு, நாளுக்கு நாள் மோசமாதல் என்பன இடுப்பு மூட்டு விலகல் போன்ற வேறு நோய்களின் அறிகுறிகளாயிருக்கலாம். பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளில் முறுக்கு தானே சீராவது அரிது. மரத்தால் விழுந்து துடையெலும்பு முறிந்த பிள்ளையின் காரியமும் வேறு. முறிவு சற்றே வளைந்து பொருந்தினால் வளர்ச்சி அதனை நிமிர்த்தும். முறுகிப் பொருந்தினால் நிமிர்த்துவது அரிது. ஆகவே, முறிவு நெரிவுக் கட்டுப் போடுமுன்னரே வைத்தியசாலையில் காட்டுதல் வேண்டும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டிய பிள்ளை எது, காலந்தாழ்த்தலாகாத பிள்ளை எது என்பதைப் பிரித்தறிவதே முதல் வைத்தியம். அதனைப் பெற்றோர் தாமே தீர்மானியாது, என்பியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டித் தெளிதல் நலம்.