அந்த ஏழு பேர் எங்கே?

பதின்மூன்று அணிகள் ஆடிய 2024-25 ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரில் நம் சென்னையின் எஃப்.சி. பதினொன்றாவது இடம். 24 ஆட்டங்கள், 27 புள்ளிகள். நமக்கும் கீழே நின்ற இருவர் யார் என்று பார்த்தீர்களா? ஒருவர், பண நெருக்கடியில் நொடித்துப் போய் உரிமையாளர் கைமாறிய ஹைதராபாத். இன்னொருவர், ஐ-லீக்கிலிருந்து ஏறி வந்து முதல் ஆண்டாக இந்தத் தொடரில் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங். கஜானா காலியானவனையும் நேற்று வந்தவனையும் மட்டுமே முந்தியிருக்கிறது இரண்டு முறை கோப்பை வென்ற அணி! இதற்கு ஒரு சமாதானமும் சொல்கிறார்கள். நல்ல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருவர் அமைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். ஆண்டுதோறும் இதே மருந்து, ஆண்டுதோறும் அதே நோய். இந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

கணக்கு எளிது. களத்தில் பதினொரு பேர். விதிப்படி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். கோல்கீப்பரும், இரண்டு பக்கத்து டிஃபெண்டர்களும், பந்தை வெட்டிப் பிடுங்கும் மிட்ஃபீல்டரும், ஓரத்தில் ஓடும் விங்கரும் பெரும்பாலும் அந்த ஏழு பேருக்குள்தான் வருவார்கள். கொலம்பியாவிலிருந்து வில்மர் ஜோர்டானைக் கொண்டுவரலாம், ஸ்காட்லாந்திலிருந்து கானர் ஷீல்ட்ஸைக் கொண்டுவரலாம். மற்ற அணிகளும் அதையேதான் செய்கின்றன. எல்லோருக்கும் நான்கு என்றால் அந்த நான்கில் ஒருவரை ஒருவர் முந்துவது கடினம். ஒரு அணி மற்றொன்றை விட்டு விலகி மேலே ஏறுவது அந்த ஏழில்தான். 2025 ஜனவரி 30-ஆம் தேதி நம் நேரு மைதானத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸ் நம்மை 3-1 என்று வீழ்த்தியதே, அன்று முதல் பாதியிலேயே ஜோர்டான் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். போனதும் அணியே முதுகெலும்பு கழன்றது போல நின்றது. ஒருவர் வெளியேறினால் ஓய்ந்துவிடும் அணியை யார் கட்டினார்கள்? அந்த ஏழு பேர் எங்கே என்று கேட்க வேண்டாமா?

நாம் கோப்பை வென்ற காலத்தைப் பாருங்கள். 2017-18 சீசன். அரையிறுதியில் எதிரில் கோவா. இதே நேரு மைதானத்தில் 3-0. கோல் போட்டவர்கள் யார்? மிசோரத்து ஜேஜே லால்பெக்லுவா இரண்டு. வியாசர்பாடி தந்த தனபால் கணேஷ் ஒன்று. மூன்று கோலும் இந்தியக் கால்களிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகுதான் பெங்களூரில் இறுதிப் போட்டி, மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள், ரஃபேல் அகஸ்டோவின் கோல், 3-2, கோப்பை. இறுதிப் போட்டியின் கோல்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களை மறந்துவிட்டார்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும்: அதே இந்தியர்கள்தானே அடுத்த ஆண்டும் இருந்தார்கள், 2018-19-இல் 18 ஆட்டங்களில் 9 புள்ளியோடு கடைசி இடத்துக்கு ஏன் போனீர்கள்? நியாயமான கேள்வி. பதிலும் நேராகவே சொல்கிறேன். அந்த ஆண்டு மைல்சனும் இருந்தார், அகஸ்டோவும் இருந்தார். வெளிநாட்டு ஆள் தங்கினால் போதும் என்பவர்கள் இதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நடந்தது என்ன? தனபால் கணேஷின் முழங்கால் போனது, சீசன் முழுக்க ஆடவில்லை. ஜேஜேவுக்குக் கோல் வறண்டது. அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் அதே தரத்தில் யாரும் தயாராக இல்லை. ஏழு பேர் வேண்டும் என்றால் ஏழு பேர் மட்டும் இருந்தால் போதாது, அந்த ஏழுக்குப் பின்னால் இன்னொரு ஏழு வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். என் வாதத்தை அந்த ஆண்டு முறிக்கவில்லை, இன்னும் இறுக்கிக் கட்டுகிறது.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2020 மார்ச், கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில் இறுதிப் போட்டி. ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். தோற்றாலும் நம் அணிக்கு எதிர்காலம் இருந்தது. கோலில் விஷால் கெய்த். ஓரத்தில் லாலியன்சுவாலா சாங்டே. நடுவில் அனிருத் தாப்பா. பின்னால் நம் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ஜெர்ரி லால்ரின்சுவாலா. எல்லோரும் இளைஞர்கள். முன்னால் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், சரி, அவர் போனார், போகட்டும், வெளிநாட்டவர் போவார்கள். இந்த ஐந்து பேரில் யார் தங்கினார்கள்? சாங்டே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். விலை பேசி யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, சீசன் நடுவில் நாமே லோனில் அனுப்பி வைத்தோம்! அடுத்த சீசனிலேயே அவர் தொடரின் சிறந்த வீரர், அந்த ஆண்டின் சிறந்த இந்திய வீரர். கெய்த் 2022-இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார், போன ஆண்டே தங்கக் கையுறை. தாப்பா, நம் கேப்டன், 2023-இல் அதே மோகன் பகானுக்குப் போனார். எட்வினும் ஜெர்ரியும் ஈஸ்ட் பெங்காலுக்கு. 2024-25-இல் மோகன் பகான் லீக் கேடயத்தையும் கோப்பையையும் ஒருசேர வென்றதே, அப்போது கோலில் நின்றவர் கெய்த், நடுக்களத்தில் இருந்தவர் தாப்பா. நாம் பயிர் வைத்தோம், அறுவடை ஹூக்ளிக் கரையில்!

பணம் இல்லை, பெரிய கிளப் கூடுதலாகக் கொடுத்தால் என்ன செய்வது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், மோகன் பகானின் பணப்பையோடு நாம் மோத முடியாது. ஆனால் வீரர் வெளியேறுவது ஒரு விஷயம், அவர் போகும் நாளில் கை வெறுமையாக நிற்பது வேறு விஷயம். ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே நீட்டித்தால், போகிறவர் விலை கொடுத்துத்தான் போக வேண்டும். அந்த விலையில் அடுத்தவரை வாங்கலாம், அல்லது அடுத்தவரை ஏற்கெனவே பெஞ்சில் வளர்த்து வைத்திருக்கலாம். தாப்பாவின் இடத்துக்கு இன்றைக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றால் அது பணப் பற்றாக்குறை ஆகாது. யோசனைப் பற்றாக்குறை.

தமிழ்நாட்டில் கால்பந்து ஆட ஆள் ஏது என்று இன்னொரு குரல். இதைக் கேட்கும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது! 2019-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் கிடந்த அதே சீசன். மார்ச் மாதம் கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரையே தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனார்கள். மணிப்பூரை! பெண்கள் கால்பந்தில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இத்தனையும் இந்த மண்ணில் சுமார் பதினைந்து மாதங்களில் நடந்தது. இந்த மண்ணில் ஆள் இல்லையாம்!

சென்னை சிட்டியை ஸ்பெயின்காரர்கள்தான் ஜெயிக்க வைத்தார்கள், பெட்ரோ மான்சி ஒருவரே 21 கோல் போட்டார் என்று குறுக்கிடுவார்கள். மான்சி பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. கடைசி நாளில் பின்தங்கியிருந்த அணியைப் பெனால்ட்டியில் சமநிலைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் கோப்பையை உறுதி செய்த அடுத்த இரண்டு கோல்களும் கௌரவ் போரா என்ற இந்திய டிஃபெண்டருடையவை. அந்த அணியில் ஓடியவர்களில் எட்வின் இருந்தார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் இருந்தார், சார்லஸ் இருந்தார், அஜித் குமார் இருந்தார். ஐ-லீக் வேறு, ஐ.எஸ்.எல். வேறு என்பதும் நிற்காது. சென்னை சிட்டிக்காக ஆடிய குமரி மாவட்டக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜை ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது, பிறகு ஏ.டி.கே. எடுத்துக்கொண்டது. ஜேசுராஜைக் கோவா எடுத்துக்கொண்டது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் டெல்லிக்கும் ஒடிசாவுக்கும் ஆடி, ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டார். சில மாதங்கள் கழித்து சூப்பர் கோப்பை இறுதியிலும் கோல் போட்டார். கொல்கத்தா தோளில் தூக்கிக் கொண்டாடிய பையன் நம் பெரியமேட்டு நேரு மைதானத்தில் எதிரணிச் சட்டையில் இறங்கினான்! குமரியின் தூத்தூர்க் கடற்கரையிலும் வியாசர்பாடியிலும் ஆள் இருப்பது ஜாம்ஷெட்பூருக்குத் தெரிகிறது, புவனேஸ்வருக்குத் தெரிகிறது, கொல்கத்தாவுக்குத் தெரிகிறது. பெரியமேட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

இதை மண்ணின் மைந்தர் அரசியல் என்று ஓரங்கட்டப் பார்க்கிறார்கள். ஜேஜே மிசோரம், தாப்பா டேராடூன். அவர்களை நாம் எந்த ஊர் என்று கேட்டா தலையில் வைத்தோம்? ஏழு பேரும் தமிழராக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழு பேரும் தங்க வேண்டும் என்கிறேன். அப்படித் தங்கக்கூடியவர்களில் சிலர், அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்கு வரக்கூடியவர்கள், நம் கண்ணெதிரே சென்னை லீக்கில் இந்தியன் வங்கிக்கும் வருமான வரித்துறைக்கும் இந்துஸ்தான் ஈகிள்ஸுக்கும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மைதானங்களுக்கு ஆள் அனுப்புவதற்குக் கொலம்பியாவுக்கு டிக்கெட் எடுக்கும் செலவுகூட ஆகாது.

பயிற்சியாளரை மாற்று என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. லாஸ்லோ வந்தார், எட்டாம் இடம். பந்தோவிச் வந்தார், எட்டாம் இடம். பர்தாரிச் வந்தார், மறுபடியும் எட்டாம் இடம். ஓவன் காயில் திரும்பி வந்தார், முதல் ஆண்டு ஆறு, அடுத்த ஆண்டு பதினொன்று. இடையில் இதே காயில் 2021-22-இல் ஜாம்ஷெட்பூரைக் கேடயம் வெல்ல வைத்தார். அங்கே தெரிந்த பாடம் இங்கே வந்ததும் மறந்தா போயிருக்கும்? ஒவ்வொருவர் வரும்போதும் பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதுகிறோம். பழகியவன் போய்ப் புதியவன் வருவதற்குள் சீசன் முடிந்துவிடுகிறது.

கேரள நண்பர்கள் இந்தக் கூட்டத்தைக் கேள்விப்பட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்று முறை இறுதிப் போட்டிக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு வண்டி ஏறியவர்கள் அவர்கள். 2024-25-இல் எட்டாம் இடத்தில் முடித்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நமக்கு 2015 இருக்கிறது. டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கிக் கிடந்தபோது அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புனேவில் போய் ஆட வேண்டியிருந்தது. வீடில்லாத அணியாகப் போய் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. பிறகு கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி. 87-ஆவது நிமிடம் கோவா 2-1 என்று முன்னிலை. அரங்கம் முழுக்க அவர்கள் கொண்டாட்டம். 90-ஆவது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசா. 3-2! அந்தச் சட்டையைத்தான் 2024-25-இல் பதினொன்றாவது இடத்தில் மாட்டி வைத்தார்கள்.

பதினொன்று என்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை. அந்த சீசன் வரை இந்தத் தொடரில் தோற்றவன் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியிருக்கவில்லை. முதலிடமோ கடைசியிடமோ அடுத்த ஆண்டு அதே நாற்காலி காத்திருந்தது. மைதானத்தில் தண்டனை இல்லாத இடத்தில் கேலரியிலிருந்துதான் கேள்வி வர வேண்டும். அதனால் நிர்வாகத்திடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த சீசனுக்கு முதல் வெளிநாட்டு வீரரின் படத்தை வெளியிடுவதற்கு முன்னால், ஏழு இந்தியர்களின் பெயரை வெளியிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒப்பந்தம் முடியும் மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். அது அடுத்த மே மாதம் என்று இருந்தால், அதே மாலை இந்தக் கூட்டம் பெரியமேட்டு வாசலில் வந்து நிற்கும்.