அன்புக்கும் ஒரு சுரப்பு உண்டோ?

"பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நன்றி மறந்த பிள்ளைகளைச் சுட்டி எழுந்த இம்மொழி, சில இல்லங்களில் வேறொரு வேதனையோடு நினைக்கப்படுகின்றது. மூன்று வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை. தாயின் முகத்தை நோக்காது, சுழலும் சக்கரத்தையே நெடுநேரம் நோக்கியிருக்கும் குழந்தை. அணைக்க வரும் கையை விலக்கி ஒதுங்கும் குழந்தை. இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய், "என் அன்பில் என்ன குறை?" என்று தன்னையே வினவிக்கொள்கின்றாள். ஓட்டிசம் எனப்படும் இந்நிலைக்கும், அன்பைப் பிணைக்கும் சுரப்பு என்று புகழப்பெற்ற ஒட்சிற்றோசினுக்கும் தொடர்பு உண்டோ என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் வரலாறு, அந்தத் தாயின் வினாவுக்கும் ஓரளவு விடை தருகின்றது.

ஒட்சிற்றோசின் என்பது ஓர் ஓமோன். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பாகத்தில் உண்டாகி, அதன்கீழ்த் தொங்கும் கபச்சுரப்பியிற் சேமிக்கப்பட்டு, வேண்டும்பொழுது இரத்தத்திற் கலக்கின்றது. 1906ஆம் ஆண்டில் ஹென்றி டேல் என்னும் ஆங்கில விஞ்ஞானி, கபச்சுரப்பியின் சாறு சூல்கொண்ட பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். விரைந்த பிரசவம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. குழந்தை முலையுண்ணும்போது பால் பீறிட்டு வருவதும் இதன் செயலே. அமெரிக்க இரசாயன அறிஞரான வின்சென்ற் டூ விஞோ, ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை போன்ற இதன் அமைப்பைக் கண்டறிந்து, 1953இல் ஆய்வுகூடத்திலேயே அதனை ஆக்கிக் காட்டினார். அத்தகைய பணிக்காக 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பிரசவ விடுதிகளில், மகப்பேற்றின் பின் உண்டாகும் இரத்தப் பெருக்கைத் தடுத்து எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காப்பது இம்மருந்தே.

உடலில் தாய்மைக்கு உதவும் இச்சுரப்பு, உள்ளத்திலும் தாய்மையை எழுப்புகின்றதோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. 1979இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பரிசோதனையில், குட்டி ஈனாத பெண் எலிகளின் மூளையுள் ஒட்சிற்றோசின் செலுத்தப்பட்டது. பிறர் குட்டிகளைக் கண்டு விலகும் இயல்புடைய அவ்வெலிகளுட் பல, சிறிது நேரத்தில் அக்குட்டிகளை நக்கி, கவ்விச் சென்று கூட்டிற் சேர்த்துப் பேணத் தொடங்கின.

அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒருவகை வயலெலி இவ்வாராய்ச்சியிற் பெரும் புகழ் பெற்றது. அதன் ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்ந்து, குட்டிகளைக் கூடியே வளர்க்கும். அதன் உறவினமான மலைநாட்டு வயலெலியோ, கூடியபின் பிரிந்து தன்வழியே செல்லும். இவ்விரண்டின் மூளைகளையும் ஒப்பிட்டபோது, ஒட்சிற்றோசினை ஏற்கும் வாங்கிகள் அமைந்த இடங்கள் வேறுபட்டிருத்தல் தெரியவந்தது. இணைபிரியா எலியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியில் அவை மிகுந்திருந்தன. அன்பின் இரகசியம் அகப்பட்டுவிட்டது என்று பலரும் எண்ணலாயினர்.

இனி ஓட்டிசத்தின் வரலாற்றை நோக்குவோமாயின், அது தாய்மாருக்கு இழைக்கப்பட்ட ஓர் அநீதியின் வரலாறுமாகும். 1943இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் லியோ கானர் என்னும் வைத்தியர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். இது பிறவியிலேயே அமைந்தது என்று அவர் அப்போது கருதியபோதிலும், பெற்றோரின் உணர்ச்சியற்ற தன்மையைப் பற்றியும் எழுதினார். அவ்வெழுத்தைப் பற்றிக்கொண்ட பலர், தாயின் உள்ளம் பனிக்கட்டியாய் உறைந்தமையே நோய்க்குக் காரணம் என்றனர். புரூனோ பெற்றல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூலால் இக்கருத்து மேலும் பரவியது. ஆனால், ஓட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பேணாட் றிம்லண்ட், 1964இலேயே இதனை மறுத்து நூல் எழுதியிருந்தார். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கானரே பெற்றோர் குற்றமற்றவர் என்று வெளிப்படையாக உரைத்தார். 1977இல் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகள் ஆராயப்பட்டன. ஒரு கருவிலிருந்து பிறந்த 11 சோடிகளில், நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. இரு கருவிலிருந்து பிறந்த 10 சோடிகளில் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. பரம்பரையின் பங்கு பெரிது என்பது இதனாற் புலனாயிற்று.

பழி நீங்கிய இடத்தில் நம்பிக்கை முளைத்தது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டிசமுள்ள சிறுவரின் இரத்தத்தில் ஒட்சிற்றோசின் சராசரியிற் குறைந்திருத்தல் கூறப்பட்டது. 2005இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், இம்மருந்தை மூக்கில் உறிஞ்சியவர்கள் பண விளையாட்டொன்றிற் பிறரை மிகுதியாக நம்பினர் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. குறைந்ததை நிரப்பினால் குழந்தை தாயை நோக்கும் அன்றோ என்று பெற்றோர் ஏங்கினர். அவ்வேக்கத்தைப் பிழையென்று யார் கூற வல்லார்?

எனினும், ஏக்கம் வேறு, சான்று வேறு. அமெரிக்காவில் 3 முதல் 17 வயதுவரையுள்ள 290 பிள்ளைகளிடம் ஒரு பெரும் பரிசோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒட்சிற்றோசினும், ஏனையோருக்கு மருந்தில்லாத வெறுந் திரவமும் 24 வாரங்கள் நாள்தோறும் மூக்கின் வழியே கொடுக்கப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பதைப் பெற்றோரும் அறியார், வைத்தியரும் அறியார். முடிவில் இரு பிரிவினரிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவான சிறு முன்னேற்றமே காணப்பட்டது. மருந்தினால் விளைந்த தனிப்பயன் புலப்படவில்லை.

இம்முடிவில் ஒரு பெரும் படிப்பினை உண்டு. வெறுந் திரவம் பெற்ற பிள்ளையிடத்தும் பெற்றோர் முன்னேற்றம் கண்டனர். குழந்தை நாளும் வளர்கின்றது. பெற்றோரும் நம்பிக்கையோடு உற்றுநோக்குகின்றனர். ஆகவே, ஒரு மருந்தின்பின் குழந்தை தேறியது என்பதால், அம்மருந்தால் தேறியது என்று கொள்ளலாகாது. ஒப்பிட்டுப் பாராத சிகிச்சைகளை விலைகூறி விற்போர், பெற்றோரின் இந்த நம்பிக்கையையே முதலாக வைத்து வாணிகம் செய்கின்றனர்.

ஏனைய சான்றுகளும் மீண்டும் சோதிக்கப்பட்டன. பணவிளையாட்டுச் சோதனையை 2020இல் பெருந்தொகையினரிடம் மீண்டும் நடத்தியபோது, முன்னைய பயன் பொதுவாகக் காணப்படவில்லை. முதற் சோதனையில் ஈடுபட்ட அறிஞருள் ஒருவர் இதிலும் பங்குகொண்டார் என்பது போற்றத்தக்கது. 2023இல், ஒட்சிற்றோசின் வாங்கியே இல்லாதவாறு பிறப்பிக்கப்பட்ட புல்வெளி வயலெலிகளும் இணை சேர்ந்து வாழ்ந்தன; குட்டி ஈன்று பாலூட்டின. பிணைப்பு ஒரே நூலால் நெய்யப்பட்டதன்று. பல நூல்கள் கூடி அதனைத் தாங்குகின்றன.

அவ்வாறாயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? அழைத்தால் திரும்பாத குழந்தையின் செவிப்புலனை முதலிற் சோதிப்பித்தல் வேண்டும். ஓட்டிசம் என்று வைத்தியர் துணிந்தால், பேச்சுப் பயிற்சியும், குழந்தை நாட்டங்கொள்ளும் பொருளைக்கொண்டே அதனோடு விளையாடும் முறைகளும் காலந்தாழ்த்தாது தொடங்கப்படல் வேண்டும். பேச இயலாத பிள்ளைக்குப் படங்களும் சைகைகளும் துணையாகும். ஓட்டிசம் எல்லாப் பிள்ளைகளிடத்தும் ஒரே வடிவிற் காணப்படுவதன்று. ஆதலால் ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கும் ஏற்கும் என்பதில்லை.

எல்லாவற்றினும் மேலாக ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். கண்ணோடு கண் நோக்காத குழந்தையும், தாய் அறையை விட்டு நீங்கினாற் கலங்குவதையும், அவள் மீண்டு வந்ததும் அருகிற் சென்று அமைதியுறுவதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஓட்டிசமுள்ள பிள்ளைகளுட் பலர் தாய் தந்தையரிடம் உறுதியான பற்றுக் கொண்டவர்களே. அப்பற்றை வெளியிடும் மொழிதான் வேறு. அணைப்பை ஏற்காத பிள்ளை, தான் விரும்பிய சக்கரத்தைத் தாயின் மடியிற் கொணர்ந்து வைக்கக்கூடும். அதுவே அப்பிள்ளையின் முத்தம்.

பெற்ற மனம் பித்தாயிருக்கலாம். ஆனால் அதன் அன்பில் குறையில்லை. பிள்ளை மனமோ கல்லன்று.