மின்சாரத்திற்கும் உச்ச நேரம் உண்டு



நாம் சிறுவராக வளர்ந்த தோட்டத்தில், மாலை 6 மணிக்கு ஜெனரேட்டர் இரையத் தொடங்கும். இரவு 10 மணிக்கு ஓய்ந்துவிடும். அதன் பின்னர் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த நான்கு மணி நேரத்திற்குள் எவரேனும் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால், லயம் முழுவதும் விளக்குகள் மங்கிப் போகும்; மறுநாள் பெரட்டில் கிராணியாரின் வசை கேட்கும். அன்று அது நமக்குக் கொடுமையாகவே தோன்றியது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று, 40 வாட் பல்புகள் இருபத்தைந்துக்கு ஈடு என்ற கணக்கை நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நாடு முழுமைக்கும் இன்று அதே கணக்குத்தான், அளவுதான் பெரிது.

மரப்பாலை மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து தொட்டிக்கும் ஊற்றலாம். அம்மோனியா சேர்த்தால் உறையாமலும் நிற்கும். மின்சாரத்தைப் பெருமளவில் அவ்வாறு தேக்கி வைப்பது எளிதன்று. நாம் சுவிட்சைத் தட்டும் அந்த நொடியிலேயே எங்கோ ஒரு நிலையம் அதனை உற்பத்தி செய்தாக வேண்டும். எனவே, எல்லோரும் சேர்ந்து மிக அதிகமாகக் கேட்கும் நேரத்திற்கென்றே கூடுதல் இயந்திரங்களை நிறுத்தி வைக்கின்றனர். அவை பெரும்பாலான நேரம் சும்மா இருந்தாலும் அவற்றின் செலவு நம் கட்டணத்தில்தான் வந்து சேரும்.

1973 ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றத்தால் அடிபட்ட நம் நாடு, எண்ணெயை மட்டும் நம்பியிராமல் நீர், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றையும் பயன்படுத்தும் கொள்கையை 1981-இல் வகுத்தது. 1985-இல் கட்டி முடிக்கப்பெற்ற 400 மெகாவாட் கெஞ்ஞீர் நீர்மின் நிலையம் போன்றவை உச்ச நேரத்திற்குப் பெரிதும் உதவுவன. மதகைத் திறந்த சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும்.

ஆனால் அந்த உச்ச நேரமே இப்பொழுது இடம் மாறி வருகின்றது. அலுவலகங்களிலும் கடைகளிலும் குளிர்சாதனங்கள் பெருகியபோது அது நண்பகலையும் பிற்பகலையும் பற்றிக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் சூரிய மின் தகடுகள் பகற் சுமையைத் தாங்க முற்பட்டுள்ளன. வெயில் சாய்ந்ததும் அவை கைவிட்டுவிடுகின்றன. தோட்டமாயிருந்த கூலாய் வட்டார நிலங்களில் எழுந்துள்ள தரவு மையங்களோ இரவு பகல் பாராமல் மின்சாரம் கேட்கின்றன.

இம்மாற்றம் கட்டணப் பட்டியலிலும் தெரிகின்றது. முன்பு ஆலைகளுக்கும் வணிக நிலையங்களுக்கும் உச்ச நேரம் என்பது பெரும்பாலும் காலை 8 முதல் இரவு 10 வரை. 2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் அது திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை என்றாகியுள்ளது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள இல்லத்தாரும் விரும்பினால் இந்த நேரக் கட்டணத்தில் சேரலாம். ஏனைய நேரத்தில் விலை குறைவு.

விடியுமுன் எழுந்து, நண்பகலில் மரம் வெட்டி முடித்துத் திரும்பும் நமக்கு இது ஓரளவு வாய்ப்பானதே. துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் 2 மணிக்கு முன்னரோ, சனி ஞாயிறுகளிலோ வைத்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்திக் குழந்தையை வியர்க்க விடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. பிள்ளைகள் படிக்கும் விளக்கையும் நேரம் மாற்ற இயலாது. மாலை முழுவதும் குளிர்சாதனம் ஓடும் வீட்டிற்கு இத்திட்டத்தால் செலவு கூடவும் கூடும். ஆகவே சேருமுன் பழைய பில்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். தோட்டத்துப் பொது மீட்டரிலிருந்து மின்சாரம் பெறும் வீடுகள் தனியே சேர இயலாது. அதனை நிர்வாகத்திடம்தான் பேச வேண்டும்.

பேசும்போது வயர்களைப் பற்றியும் கேளுங்கள். இரண்டு பல்புகளுக்கென இழுக்கப்பட்ட பழைய லயத்து வயரில் இன்று சலவை இயந்திரமும், ரைஸ் குக்கரும், குளிர்பெட்டியும் தொங்குகின்றன. சுவரிலுள்ள பிளக் தொட்டாற் சுடுமானால், அன்றே அதனைப் பயன்படுத்துவதை நிறுத்தி, உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள்.