பல மொழி பேசும் ஓர் ஊர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத தீவில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உறவினரைக் காண வந்த எம்மை மேடையேற்றியது உங்கள் அன்பே. மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்ற நாம் அறிந்த சிறிதைக் கூறுகின்றோம்.

இத்தீவுக் கூட்டத்தில் தெரேசா என்றொரு தீவுண்டு. அஃது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் பெயர். 1778இல் அவர் நாட்டுக் கப்பல் நிக்கோபாரில் ஒரு குடியேற்றம் அமைத்தது. சில ஆண்டுகளில் அது மறைந்தது. அதே பேரரசி ஐரோப்பாவில் பானாட் என்னும் சமவெளியிலும் ஜெர்மானிய உழவரைக் குடியேற்றினார். அவர்கள் ருமேனியரோடும் ஹங்கேரியரோடும் கலந்து வாழ்ந்தனர். 1766இல் ஜெர்மானியர் குடியேறிய ஓர் ஊருக்கு மும்மொழியிலும் பெயருண்டு: ஹாட்ஸ்ஃபெல்ட், ஜோம்போயா, ஜிம்போலியா. ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும், 1989க்குப் பின்னும் ஜெர்மானியருள் பெரும்பாலோர் அந்நிலத்தைவிட்டுப் பெயர்ந்தனர்.

நம் கேம்பல் பேயும் அத்தகைய ஊரன்றோ! 1969 முதல் 1980 வரை, முன்னாள் படைவீரர் குடும்பங்கள் சுமார் 330 இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியர், மராட்டியர், தெலுங்கர், மலையாளிகள், தமிழர் எனப் பல மொழியினர் காடு திருத்தித் தென்னையும் கமுகும் வளர்த்தனர். கோவிந்த் நகர், விஜய நகர், சாஸ்திரி நகர் என ஊர்கள் எழுந்தன.

இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் இடம்பெற்ற பெருமையை நாம் உரக்கப் பேசுகின்றோம். ஆனால் ஷோம்பேனியரும் நிக்கோபாரியருமே இம்மண்ணின் முதற்குடிகள் என்பதையும் மறத்தல் ஆகாது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சென்றது. தென்முனை நிலம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. உயிரும் வீடும் தோப்பும் போயின. பெட்டியில் இருந்த பட்டாவும் புகைப்படமும் உடன் போயின. கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. நாளை புதியவர் திரளாக வந்து, "நீவிர் யார்?" என்று வினவினால் நம் பிள்ளைகள் யாது விடை பகர்வர்?

பேரேட்டில் ஏறாத வரவு கணக்காகாது. இஃது எமது தொழில் கற்பித்த பாடம். முதலில் வந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுதுக: எந்த மாவட்டம், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், முதல் மழைக்காலத்தை எங்ஙனம் கழித்தோம் என்று. அண்டை வீட்டுப் பஞ்சாபியரிடமும், நிக்கோபாரியப் பெரியவரிடமும் கேட்டு எழுதுக. அவர்கள் கதையின்றி நம் கதை நிறைவுறாது.

அடுத்த ஆண்டு மலரில் அப்பக்கங்களைக் காண விழைகின்றோம்.