மூச்சும் ஓர் அமானிதமே

நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் நுண்ணறைகளை அடைகிறது. அங்கே உயிர்வளி பெறும் இரத்தத்தை இதயம் உடலெங்கும் செலுத்துகிறது. இரத்தம் இதயத்தின் வலப்புறமிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் மருத்துவ மேதை இப்னு நஃபீஸ்.

அணைக்கட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் தொழிலை நம்பி வாழ்வோர் சிந்திக்க வேண்டும். தோல் கழிவுத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் இதே வழியில்தான் உடலுக்குள் பரவுகிறது. உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு மிகுந்தாலோ முகரும் உணர்வே மரத்துவிடும். நாற்றமில்லை என நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடலாம். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

ஆலை உரிமையாளர்களே! தொட்டியைத் தூய்மைப்படுத்த இயந்திரத்தை அனுப்புங்கள், மனிதரை இறக்காதீர்கள். தொழிலாளத் தோழர்களே! இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கூலி நாளையும் கிடைக்கும். உயிரோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.